தேர்வில் கேட்ட வேறு குரல்

காப்பகத்தில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள், பால் போடுகிறவர், குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் எல்லாருமே. ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை முப்பது உருப்படிகள் அவள் பொறுப்பில். பக்கத்து அறையில் ஒரு பிள்ளை அழுதால் எட்டிப் பார்க்காமலே சொல்லுவாள்: "அது பசி. இது பொம்மையப் பிடுங்கிட்டாங்க. ஐயோ, இது விழுந்துடுச்சு, ஓடு, ஓடு." பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்த மீதி ஒன்று, பெரும்பாலும் தூக்கக் கலக்கம்.

பத்தொன்பது வருடம் அப்படி ஓடிய பிறகு, மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. பட்டம் இல்லாதவர்கள் இனி டீச்சர் இல்லை, உதவியாளர் மட்டுமே. நாலு வருடம் அவகாசம். அதற்குள் பட்டம் வாங்கினால் இருந்த இடத்தில் இருக்கலாம். இல்லையென்றால் துடைப்பக்கட்டையும் வாளியும்தான். தலைமை மேடம் அதைச் சொல்லும்போது மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல படிக்கலாம் டீச்சர். இப்ப எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்க. வீட்ல இருந்தே பரீட்சைகூட எழுதிடலாம்."

"வீட்ல இருந்தே எழுதலாம்" என்று சொன்னவருக்கு அவள் வீடு தெரியாது.

அவள் வீடு இரண்டாவது மாடியில். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அந்தக் கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில், அவள் புருஷன் இருந்தார். லிஃப்டுக்காரர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடியவை. ஒருநாள் ஆறாவது மாடிக்கு மேலே இருக்கிற மோட்டார் அறையில் ஸ்பேனரைப் பிடித்தபடியே சரிந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. முழுக்கப் போகவில்லை, நாலு சொல் மிஞ்சியது. வா. சரி. பரவாயில்ல. நாலாவது, கூட வேலை பார்த்தவர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு கெட்ட வார்த்தை. மற்ற மூன்றும் இழுத்து இழுத்து வரும். அது மட்டும் புத்தம் புதுசாக, அட்சர சுத்தமாக வரும்.

"பேச்சு போனாலும் திட்டு போகாதும்மா. அது மூளையில வேற இடத்துல இருக்கு" என்றார் டாக்டர்.

விதி வந்தபோது அவர் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்.

"என்னங்க, நாப்பத்திரண்டு வயசுல படிக்கட்டுமா?"

"சரி."

"பெயிலானா?"

"பரவா...யில்ல."

"அக்கம்பக்கத்துல சிரிப்பாங்களே?"

அக்கம்பக்கத்துக்கு அவர் நாலாவது சொல்லை எடுத்து வீசினார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சேர்ந்த அன்றே கல்லூரியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. மாணவருக்கு இருக்கவேண்டிய கருவிகள், இணைய வசதி, தேர்வு எழுதும் அறை என்று மூன்று பக்கம். அவள் அதைக் காப்பகத்தில் அச்சடித்து எடுத்துவந்தாள். அவர் இடது கையால் வாங்கி, ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார். ஒயர், மின்சாரம், இயந்திரம் என்றால் அவருக்கு இன்னமும் கண்ணில் வெளிச்சம் வரும். படித்துவிட்டுச் சில வரிகளுக்குக் கீழே நகத்தால் கோடு கிழித்தார். கைபேசியில் படிக்க முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். கேமரா வேண்டும். மைக் வேண்டும். இணையம் இடையில் அறுந்தால் தேர்வு செல்லாது. ஆகவே ஒயர் வழியாக வருகிற இணைப்பு நல்லது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். கடையில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தால், அதில் கேமரா வேலை செய்யவில்லை. தனிக் கேமரா வாங்கி மாட்டினால், தேர்வைக் கண்காணிக்கிற கல்லூரியின் காவல் மென்பொருள் இந்தக் கம்ப்யூட்டர் கிழடு என்று ஏறமாட்டேன் என்றது. கடைக்காரர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து உள்ளே எதையோ மாற்றினார். பிறகு ஏறிற்று. கடைசியாக இணையக் கம்பெனி ஆள் ஒயர் இழுக்க வந்தபோது, லிஃப்டுக்காரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்த்தார். ஒயர் கதவிடுக்கில் நசுங்குகிற மாதிரி அந்த ஆள் கொண்டுபோனபோது நாலாவது சொல் பறந்தது. அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினான். இவர் இடது கையால் சுவர் மேலே காட்டினார்.

"ஐயா சொல்றதுதாங்க சரி" என்று ஆணியைப் பிடுங்கி மேலே அடித்தான் அவன். அன்று சாயங்காலம் வரை லிஃப்டுக்காரர் முகத்தில் ஒரு களை.

ஆனால் பட்டியலின் மூன்றாவது பக்கத்துக்குக் கடையில் எதுவும் கிடைக்காது. தேர்வு எழுதும் அறையில் மாணவர் தனியாக இருக்கவேண்டும். கதவு மூடியிருக்கவேண்டும். தேர்வு முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது, பார்வை திரையை விட்டு அகலக் கூடாது. வேறு எவர் குரலும் கேட்கக் கூடாது.

அதனால் ஒவ்வொரு தேர்வன்றும் அவரைக் கூடத்திலிருந்து எடுத்துச் சக்கர நாற்காலியில் வைத்துச் சமையலறைக்குத் தள்ளுவாள். அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அந்த நாற்காலி கச்சிதமாக நிற்கும், திரும்ப இடமிருக்காது. சமையலறைக்குப் பின்பக்க வராந்தாவில் திறக்கிற கதவு ஒன்று உண்டு. அதன் வழியே அவருடைய தங்கை வந்து துணைக்கு உட்காருவாள். வீட்டில் அவள் பெயர் சின்னி. நாலு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருந்தாள். தனி ஆள், யாருக்கும் கைகட்டிப் பழகாதவள். ஆனால் அண்ணன் என்றால் உயிர்.

முதல் வருடத் தேர்வு ஒன்றில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம். 'தேர்வின்போது வேறு குரல் பதிவாகியுள்ளது. இது முதல் எச்சரிக்கை. மறுபடி நேர்ந்தால் தேர்வு ரத்தாகும்.'

அவள் அதை அவருக்குக் காட்டியிருக்கக் கூடாது. சிரிப்பார் என்று நினைத்துக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தேர்வு நாட்களில் சமையலறைக்குப் போன உடனேயே இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். தொண்டையில் கரகரப்பு வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொள்வார் என்று சின்னி சொன்னாள்.

"பாவமா இருக்கு அண்ணி. ஏதோ திருடன் ஒளிஞ்சிருக்கிற மாதிரி உக்காந்திருக்கு அண்ணன்."

"இன்னும் கொஞ்ச நாள்தான் சின்னி. முடிஞ்சுடும்."

மூன்று வருடம் அப்படிப் போயிற்று. கடைசித் தேர்வும் வந்தது. அவகாசம் கொடுத்த நாலு வருடத்தில் மிச்சமிருந்தது சில மாதங்கள்தான். இது தவறினால் அடுத்த தேர்வு வர ஒரு வருடம். அதற்குள் வேலை கைவிட்டுப் போயிருக்கும்.

காலை பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்கே சின்னி வந்துவிட்டாள். லிஃப்டுக்காரர் காலையிலிருந்தே தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "தலை வலிக்குதா?" என்று கேட்டதற்கு "பரவாயில்ல" என்றார். அவள் மாத்திரை கொடுத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள். கதவை மூடித் தாழ்போடப் போனபோது அவர் இடது கையை உயர்த்தி, போ போ என்று விரட்டுகிற மாதிரி ஆட்டினார்.

கேமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினாள். மேசைக்கு அடியில் காட்டினாள். காதை மறைக்கிற முடியை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டினாள். கைபேசியை அணைத்துத் தரையில் வைத்தாள். திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. எண்பது கேள்வி, இரண்டு மணி நேரம்.

நாற்பத்தோராவது கேள்வியில் இருந்தாள். எட்டு மாதக் குழந்தை அறிமுகமில்லாதவர் முகத்தைக் கண்டு அழுவது எதனால் என்ற கேள்வி. விடை அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதற்குப் புத்தகம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், "வா" என்று கேட்டது.

சத்தமாக இல்லை. வாயைப் பொத்தின கையை மீறி வந்த மாதிரி இருந்தது. பின்னாலேயே நாற்காலியின் சக்கரம் தொட்டியில் இடிக்கும் ஓசை.

அவள் கண் கதவுக்குப் போயிற்று. சின்னி இருக்கிறாள் என்று நினைத்தாள். சின்னியின் "என்னண்ணே" என்ற குரலுக்காகக் காத்தாள். அது வரவில்லை. சின்னியும் சத்தம் போடக்கூடாது என்றுதான் பேசாமல் கவனிக்கிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை துடித்தது: 'உங்கள் பார்வை திரையில் இருக்கட்டும்.' திரும்பினாள். நாற்பத்தோராவது கேள்வியை முதலிலிருந்து படித்தாள்.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்படித்தான் அவள் நினைவில் இருந்தது.

பதினொன்றரை தாண்டி, அறுபத்தெட்டாவது கேள்வியில், கதவு படபடவென்று இடிபட்டது.

"அண்ணி! கதவத் தெற! அண்ணி!"

அவள் எழுந்தாள். எழுந்தவள், மறுபடி குனிந்து 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினாள். 'உறுதியாகச் சமர்ப்பிக்கவா? பதின்மூன்று கேள்விகளுக்கு விடை இல்லை' என்று திரை கேட்டது. ஆம் என்று இன்னொரு தடவை அழுத்தினாள். அது சுற்றியது. பச்சை வந்தது. அப்புறம்தான் கதவைத் திறந்தாள்.

லிஃப்டுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, தலை தொட்டியின் விளிம்பில் மல்லாந்து கிடந்தது. மார்பெல்லாம் வாந்தி. மூச்சு கொழகொழவென்று போய்வந்தது. சின்னி தெருச்செருப்போடு சமையலறைக்குள் நின்றாள். தோளில் கடைப்பை தொங்கியது. அதிலிருந்து பள்ளிச் சீருடைத் துணி ஒன்று எட்டிப் பார்த்தது. டீச்சர் அதைப் பார்த்தாள். சின்னியும் அவள் பார்த்ததைப் பார்த்தாள்.  இருவருமாக அவரைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். "எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு? யாரு கூட இருந்தீங்க?"

"நான்தான்" என்றாள் சின்னி. "பதினொன்றரைக்குத்தான். திடீர்னு."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அதைவிட, மல்லாந்து கிடந்ததில் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கியதுதான் பெரிய சேதம் என்றார்கள். "உடனே ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருந்தா இவ்வளவு உள்ள போயிருக்காது" என்று அந்த டாக்டர் யாரையும் குறை சொல்லாத குரலில், கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். ஒன்பது நாள் இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது. பத்தாம் நாள் காலையில், அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் வந்து போனார்கள். கூட வேலை பார்த்த லிஃப்டு ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று, இணைய ஒயர் சுவரில் போயிருக்கும் நேர்த்தியைப் பார்த்து, "அவன் கைவேலைதான் இது" என்றார்கள். சின்னி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். சாப்பிடவில்லை. கடை திறக்கவில்லை. "சின்னி ஒடஞ்சே போயிட்டா" என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர் போன பன்னிரண்டாம் நாள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் தேர்வு மறுஆய்வில் உள்ளது. தேர்வின்போது வேறு குரல் பதிவாகியுள்ளது. விசாரணை அலுவலர் முன் நாளை மறுநாள் காணொளியில் ஆஜராகவும். கேமராவும் மைக்கும் சரிபார்த்துக்கொள்ளவும்.'

அவள் போகாமல் இருந்திருக்கலாம். அந்தப் பட்டத்தின் மேல் அவளுக்கு அப்போது ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் கூப்பிட்டால் போவது அவள் சுபாவம். குறித்த நேரத்தில் மேசைமுன் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு பெண் வந்தார். அவள் வயதுதான் இருக்கும். தலையில் காதுக்கருவி, பின்னால் வெள்ளைச் சுவர். கடுமையான ஆள் இல்லை, களைத்த ஆள்.

"அறையைச் சுத்திக் காட்டுங்கம்மா. நீங்க இருந்தது இதே அறையா? அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன?"

"சமையலறை மேடம்."

"அதையும் திறந்து காட்டுங்க."

அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்தாள். சக்கர நாற்காலி, அவள் கழுவித் துடைத்து நிறுத்தின இடத்திலேயே நின்றது.

அலுவலர் எதையோ தட்டினார். "எங்க மென்பொருள் கொடுத்த அறிக்கை இது. படிக்கிறேன். பத்து மணி ஐம்பத்தோரு நிமிஷம், வேறு குரல். தேர்வர் நாலு நொடி கதவைப் பார்த்தார். பத்து ஐம்பத்து மூணு, வேறு குரல். தேர்வர் மூணு நொடி கதவைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு, வேறு குரல், தெளிவில்லை. தேர்வர் ஏழு நொடி கதவைப் பார்த்தார். பதினொண்ணு முப்பத்து மூணு, கதவு தட்டும் ஓசை."

"ஒரு தடவதான் மேடம்" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"ஒரு தடவதான் கேட்டுச்சு. ஒரு தடவதான் பார்த்தேன்."

"மூணு தடவை இருக்கும்மா. படத்தோட இருக்கு. போட்டுக் காட்டுறேன். யார் குரல், என்ன சொல்றாங்கன்னு நீங்கதான் சொல்லணும். யாராவது விடை சொல்லிக் கொடுத்தாங்களான்னுதான் எங்களுக்குக் கவலை."

திரையில் அவளுடைய முகமே வந்தது. கண்ணாடி போட்ட, உதட்டைக் கடித்த, கேள்வி படிக்கிற முகம். "வா." முகம் திரும்பியது, திரும்பி வந்தது. இரண்டு நிமிடம் தள்ளி ஓட்டினார் அலுவலர். "வா." இன்னும் தேய்ந்த குரல். முகம் திரும்பியது. அதில் ஒரு பயம் தெரிந்தது. பார்க்கிற யாருக்கும் அது தெரிந்திருக்கும். மறுபடி திரையைப் பார்த்தது. மூன்றாவதில் சொல் இல்லை. வெறும் மூச்சு, அதற்குள் ஒரு முனகல். அந்த முகம் ஏழு நொடி கதவைப் பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியில் கை ஊன்றியது. எழுந்திருக்கப் போகிற மாதிரி உடம்பு ஒரு விரற்கடை உயர்ந்தது. பிறகு உட்கார்ந்து, ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பொம்பளையை அவளுக்குத் தெரியவில்லை. அந்த முதல் பார்வையைத் தவிர, அந்த முகம் செய்தது எதுவுமே டீச்சருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அது அவள்தான்.

"என்ன சொல்றார்மா?"

"வா-ங்கறார்."

"யாரு?"

"என் வீட்டுக்காரர். அவருக்கு மொத்தமே நாலு சொல்லுதான் மேடம். விடையெல்லாம் சொல்ல வராது."

அலுவலர் குறித்துக்கொண்டார். "இப்ப அவர் வீட்ல இருந்தா ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்க. குரல் ஒப்பிட்டுப் பார்த்து முடிச்சுடலாம்."

"அன்னைக்குத்தான் மேடம் விழுந்தார். ஒன்பது நாள் கழிச்சு இறந்துட்டார்."

அந்தப் பெண் காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டார். 

"மன்னிச்சுக்குங்கம்மா. எனக்குத் தெரியாது. நான் இத முடிச்சு விடுறேன். உங்களுக்குச் சாதகமாத்தான் எழுதுவேன்." திரையில் எதையோ படித்தார். "ஒரே ஒரு விஷயம். இறப்புச் சான்றிதழ இணைச்சு அனுப்பணும். கோப்பு ரெண்டு எம்.பி.க்கு மேல இருந்தா ஏறாது. பார்த்துக்குங்க."

"சரிங்க மேடம்."

அன்று சாயங்காலம் சின்னி வந்தாள். பதினாலு நாளில் பாதியாகியிருந்தாள். பின்பக்கக் கதவு வழியாக வராமல், புதிய ஆள் மாதிரி முன்வாசலில் நின்று, "உள்ள வரலாமா அண்ணி?" என்று கேட்டாள். வந்தவள் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"சொல்லு."

"அன்னைக்கு நான் இருக்கல. பத்தே முக்காலுக்குப் பக்கத்துக் கடையிலேர்ந்து போன் வந்துது. சீருடைத் துணி எடுக்க ஆள் வந்து பூட்டின கடை முன்னாடி நிக்கிறான்னு. அண்ணன் காதோட மெல்லச் சொன்னேன், 'போயிட்டு ஓடியாந்துடறேன்'னு. சரின்னு தலையாட்டுச்சு. அங்க போனா அந்த ஆளு அளவு தப்புன்னு சண்ட பிடிச்சான். நேரம் போனதே தெரியல." அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். "டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். நான்தான் அண்ணி அண்ணனக் கொன்னேன். ஒரு ஆள் பக்கத்துல இருந்து திருப்பிப் படுக்க வச்சிருந்தா போதும்னாரே. நான்தான் கொன்னுட்டேன்."

டீச்சர் அவள் தலையைப் பிடித்துச் சுவரிலிருந்து விலக்கினாள். அப்படியே மடியில் சாய்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். சின்னி அழுது அழுது ஓய்ந்திருப்பாள். பழி முழுக்க அவள் தலையில் இருந்திருக்கும். அவளே தூக்கி வைத்துக்கொண்ட பழி. அந்த நினைப்பு டீச்சருக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு நிமிடம் போல அதைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"சின்னி, எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அவர் கூப்பிட்டது. பத்து ஐம்பத்தொண்ணுக்கு. அப்புறம் இன்னும் ரெண்டு தடவ. நீ இல்லன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும். உன் குரலே வரலையே. நான் எழுந்திருக்கல."

சின்னியின் அழுகை நின்றது.

"மூணு தடவையா?"

"மூணு தடவ. இன்னைக்குத்தான் காட்டுனாங்க. ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ கதவ இடிச்சப்பவும்..." என்று ஆரம்பித்து, "பரீட்சைய அனுப்பிட்டுத்தான் திறந்தேன்" என்று முடித்தாள் டீச்சர்.

சின்னி எழுந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். அவள் கண்ணில் இருந்தது கோபமா, அல்லது பதினாலு நாள் சுமந்ததைப் பாதி இறக்கி வைத்த ஆசுவாசமா, அந்த ஆசுவாசத்துக்கான வெட்கமா என்று சொல்ல முடியாது.

"கொஞ்ச நாளைக்கு நான் வரல அண்ணி" என்றாள். படி இறங்கிப் போனாள்.

மறுநாள் டீச்சர் இறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினாள். முதலில் ஏறவில்லை, பெரிதாக இருக்கிறது என்றது. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சுருக்கினாள். அவர் வேலையை முடித்த பிறகுதான் அது என்ன காகிதம் என்று படித்தார். படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேர்வு ஏற்கப்பட்டது. நூற்றுக்கு அறுபத்திரண்டு. பட்டச் சான்றிதழும் ஒரு கோப்பாகத்தான் வந்தது. தலைமை மேடம் அதை அச்சடித்து அவளுடைய பணிக் கோப்பில் சேர்த்தார். பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். முப்பது பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் ஆவேசமாகக் கைதட்டின. ஒன்று நிறுத்தவே மாட்டேன் என்றது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரர் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கல" என்றார் மேடம். "ஆமா மேடம்" என்றாள்.  சக்கர நாற்காலியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் அது காலில் இடித்தது. அதை நகர்த்தாமல் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னி வந்தாள். பின்பக்கக் கதவைத் தட்டினாள்.

"கீழ்வீட்டுப் பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சாம். நாற்காலி வேணுமாம். கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். சின்னி நாற்காலியைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன் அண்ணி. அது நெசம். அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"என்னய நீங்க மன்னிச்சீங்களா?"

டீச்சர் யோசித்தாள். கீழே யாரோ கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.

"தெரியல சின்னி."

"சரி" என்றாள் சின்னி. "பிடிங்க. இந்தப் பக்கம் கனமா இருக்கு."

நாற்காலியைக் கொடுத்துவிட்டு மேலே வந்தார்கள். சின்னி சமையலறையைக் கூட்டினாள். நாற்காலி நின்ற இடத்தில் சக்கரத் தடம் இரண்டு கறுப்பாகப் படிந்திருந்தது. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை, விட்டுவிட்டாள். சாயங்காலம் வரை இருந்தாள். அடுத்த வாரமும் வந்தாள்.